சோதனைக் கணினிக்கு மேலே ஒரு கலியாணப் படம்

வெள்ளவத்தையில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தின் பழைய சோதனைக் கணினிக்கு மேலே ஒரு கலியாணப் படம் தொங்குகிறது. அதில் பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. பந்தியில் ஒருவர் வாய் நிறைய வடையும் சட்டை நிறையப் பாயாசமுமாக உட்கார்ந்திருக்கிறார். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது இவரைப் பற்றித்தான்.

படத்தை மாட்டியவர் அப்போதைய குழுத் தலைவி. எங்கள் எல்லோருக்கும் அக்கா. பென்டிரைவ் போன்றவற்றைக் கணினியின் ஒரு ஃபோல்டரோடு இணைக்கும் கருவிகளை எழுதுவது எங்கள் வேலை. சோதனை முடிந்ததும் இணைத்ததைக் கழற்றி, ஃபோல்டரை அழித்து, கணினியைப் பழையபடி விடவேண்டும். ஃபோல்டர் வெறுமையாக இருந்தால் மட்டுமே அழிக்கலாம் என்பது அக்காவின் பிடிவாதம். இதனால் எப்போதாவது கழற்றுவது தவறினால் ஃபோல்டர் அழியாமல் மிச்சமெல்லாம் தேங்கி அடுத்த சோதனையும் படுத்துவிடும். எங்கள் குழுவில் வத்தளையிலிருந்து வரும் அண்ணா ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. உள்ளே என்ன கிடந்தாலும் வழித்துத் துடைக்கும்படி ஒரு மாற்றம் எழுதி, அக்காவின் ஒப்புதலுக்கு அனுப்பினார்.

அந்த வாரம்தான் அக்காவின் தங்கைக்குக் கலியாணம் முடிந்திருந்தது. படங்கள் எல்லாம் ஒரே பென்டிரைவில் இருந்தன. படம் எடுத்தவர் தன்னிடம் இருந்தவற்றை அடுத்த கலியாணத்துக்காக அழித்துவிட்டாராம். நாங்கள் பார்க்கட்டும் என்று அதைச் சோதனைக் கணினியில் செருகிவிட்டு அக்கா சாப்பிடப் போனார். செருகியதையெல்லாம் சோதனை ஃபோல்டரோடு இணைத்துக்கொள்வது அந்தக் கணினியின் வழக்கம். அண்ணா ஃபோல்டருக்குள் போய்ப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மதியச் சோதனை தானாக ஓடி முடிந்து, துப்புரவு தொடங்கியது. அவர் உள்ளே இருந்ததால் கழற்ற முடியவில்லை என்று திரையில் ஒரு வரி விழுந்தது. அடுத்த வேலை அழிப்பதுதான்; கழற்றாமல் ஃபோல்டரைத் துடைத்தால் பென்டிரைவில் இருப்பதும் சேர்ந்து போய்விடும்.

"மாதாவே, நான் அனுப்பின மாற்றத்தை அக்கா சேர்த்திட்டாவோ?" என்றார் அண்ணா. அலுவலகமே எழுந்து நின்றது. அடுத்த வரி வந்தது: ஃபோல்டர் வெறுமையாக இல்லை, அழிக்கவில்லை.

அக்கா சோற்றுக் கையோடு ஓடி வந்தார். "அதைக் காலமையே திருப்பி அனுப்பிட்டன். கழட்டாமல் துடைக்கிறேல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? உள்ளுக்கு ஆரின்ட சாமான் கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. தங்கையின் கலியாணம் முழுவதும் அதற்குள் இருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "அதுசரி, நீர் உள்ளுக்கு என்ன செய்துகொண்டிருந்தனீர்?"

அண்ணா தலையைச் சொறிந்தார். "என்ட படம் ஒண்டு கிடந்தது அக்கா. அதை மட்டும் அழிப்பமெண்டு..."

காலி வீதி பஸ் சத்தத்தையும் மீறிச் சிரித்தார் அக்கா. பின்னேரமே அந்தப் படம் பெரிதாக அச்சாகி வந்துவிட்டது.

இப்போது அக்கா மெல்பேர்னில் இருக்கிறார். சோதனைகள் எங்கோ இணையவழி வாடகைக் கணினிகளில் ஓடுகின்றன. முடிந்ததும் முழுவதையும் தூக்கி எறிந்துவிடுகிறோம், கழற்றும் தொல்லையே இல்லை. வேலை சுலபம்தான், ஆனால் அக்காவின் ஏச்சு இல்லாத அலுவலகம் எனக்கு இன்னும் பழகவில்லை. போன மாதம் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தார்கள். அண்ணாதான் இப்போது குழுத் தலைவர். படத்தைத் தொலைத்துவிட நல்ல சந்தர்ப்பம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முதலில் படத்தைக் கழற்றினார். பிறகு சுவரைத் துடைத்தார். பெயின்ட் காய்ந்ததும் அதே ஆணியில் தானே திரும்ப மாட்டிவிட்டார்.