மலைக்கு அடியால் வந்த தண்ணீர்

கண்டிப் பக்கம் பன்விலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு குகை இருந்தது. அதற்கு ஒரே வாசல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அது எங்கே போய் முடிகிறது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. ராவணன் சீதையைக் கொண்டுபோன வழி என்றார்கள் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த எங்கள் ஆட்கள். கண்டி ராஜா வெள்ளைக்காரனுக்குப் பயந்து தங்கத்தை ஒளித்து வைத்த வழி என்றார்கள் மலைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தார். தோட்டத்துப் பெரிய கிளாக்கரோ, அது எங்கேயும் போகவில்லை, வௌவால் புழுக்கை நிறைந்த வெறும் பொந்து என்று அடித்துச் சொல்வார். அவர் உள்ளே போனதில்லை. மற்றவர்களும் போனதில்லை.

போனவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. பேராதனைக் கெம்பஸில் மண்ணையும் பாறையையும் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்திலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் ஆள் அவர் என்பதால், லீவுக்கு வந்தால் லயத்துப் பெண்கள் பிள்ளைகளை இழுத்துவந்து காட்டுவார்கள். "நல்லா பாத்துக்கடா, படிச்சா இப்படி ஆவலாம்" என்பார்கள். அந்த நேரம் மாமா பெரும்பாலும் தலையிலிருந்து கால்வரை குகைச் சேற்றோடு நின்றுகொண்டிருப்பார். பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

என்னையும் ஒருமுறை உள்ளே கூட்டிப்போனார், அம்மாவுக்குத் தெரியாமல். வாசலிலேயே ஈரக்காற்று முகத்தில் அடித்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூரையிலிருந்து வெள்ளைக் கற்கள் வடிந்த மெழுகுபோலத் தொங்கின. இந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக் கல், மழைத் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கரைத்துத்தான் இத்தனை அறைகளும் உண்டாயின என்று மாமா சொல்லிக்கொண்டே போனார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தண்ணீர் கல்லைத் தின்னும் என்பது எனக்கு ராவணன் கதையைவிட நம்ப முடியாததாக இருந்தது. இன்றைக்கும் அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் மறுபடி அந்த வயதுக்குப் போய்விடமாட்டோமா என்று ஏக்கமாக இருக்கிறது.

உள்ளே தூரத்தில் ஒரு ஓடை ஓடியது. கொஞ்ச தூரம் சத்தம் போட்டுக்கொண்டு போய், ஆள் நுழைய முடியாத ஒரு வெடிப்புக்குள் விழுந்து மறைந்துவிடும். மாமாவின் தூக்கத்தைக் கெடுத்தது அந்த வெடிப்புதான். தண்ணீர் எங்கே வெளியே வருகிறது என்று தெரிந்தால் குகை எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும் என்றார். எங்கள் லயத்துக்குக் கீழே ஊற்று வடியும் பீலியில், நாங்கள் குடம் வைத்துப் பிடிக்கும் அதே தண்ணீராகத்தான் வருகிறது என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க ஓடையில் சாயம் கலந்துவிட வேண்டும்.

அப்பா தோட்டத்து மருந்துவீட்டில் டிஸ்பென்சர். சாயத்துக்கு மாமா அவரிடம்தான் வந்தார்.

"அத்தான், அந்த கொண்டிஸ் டின்னு ஒன்னு தாங்களேன்."

"அது காயம் கழுவ வச்சிருக்கிறதுப்பா. மலைய கழுவவா கேக்குற?"

"கெணத்துல போடுறதுதானே அத்தான். யாருக்கும் ஒன்னும் ஆவாது."

"குடுங்களேன், புள்ள ஆசையா கேக்குது" என்றார் அம்மா. அந்தப் பிள்ளைக்கு அப்போது அடர்த்தியாக மீசை இருந்தது.

கொண்டிஸ் என்பது கரும் ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பளிங்குத் துகள்கள். இரண்டு துகளைப் போட்டாலே ஒரு பேசின் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிடும். அதை எண்ணி எண்ணிப் போடுகிற அப்பா ஒரு முழு டின்னை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்திருக்க வேண்டும்.

அது தமிழர்களை அடித்து விரட்டிய எழுபத்தேழு கலவரத்துக்கு அடுத்த வருடம். எங்கள் லயங்கள் தப்பியிருந்தன. பக்கத்துத் தோட்டங்களில் எரிந்த லயங்களின் ஆட்கள் அப்பாவின் மருந்துவீட்டுத் தரையில் படுத்திருந்தது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அதெல்லாம் முடிந்துபோன காரியம் என்று நினைத்திருந்தேன். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தாரும் காய்ச்சல், இருமல் என்று மறுபடியும் அப்பாவிடம் வரத் தொடங்கியிருந்தார்கள். அவரை அவர்கள் 'பெஹெத் மஹத்தயா' என்பார்கள். மருந்து ஐயா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா காரியத்தை முடித்துவிட்டுப் பீலிக்கு ஓடிவந்தார். அவர் பொறுப்பில்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதல் நாளே லயம் லயமாக ஏறி இறங்கி, "நாளைக்கு தண்ணி செவப்பா வந்தா பயந்துறாதீங்க, அது மருந்துதான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லி வைத்திருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மலையைத் தாண்டித் தண்ணீர் அங்கே போகும் என்று யார் கண்டார்கள்?

வெள்ளை எனாமல் பேசினைப் பீலிக்குக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தோம். தோட்டத்தில் பாதி அங்கேதான் இருந்தது. வெயில் ஏறியது, பேசின் நிரம்பி நிரம்பி வழிந்தது, தண்ணீர் தண்ணீராகவே வந்தது. "தம்பி, ராவணன் குடிச்சிட்டான் போல" என்று ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சோற்று நேரம் தாண்டியதும் கூட்டம் கலைந்தது. மாமா பேசினைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு மருந்துவீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் மலைப்பாதையில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். கிராமத்து ஆண்கள், பின்னால் வெறுங்குடங்களோடு பெண்கள். சிலர் கையில் கத்தி இருந்தது. முன்னால் வந்தவர் அந்தக் கிராமத்துக் கடை முதலாளி. அவர் கையில் ஒரு போத்தல், அதில் ரோஸ் நிறத் தண்ணீர். "வத்துரட்ட வஹ தாலா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். தண்ணீரில் நஞ்சு போட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நாங்கள் சாயம் கலந்த தண்ணீரைத்தான் சொல்கிறார்கள் என்பது புரியவில்லை.

மாமாவுக்கு எதுவுமே காதில் விழவில்லை. போத்தலைப் பார்த்தார். துள்ளி எழுந்தார்.

"வந்திருச்சு! அத்தான், மலைக்கு அடியால வந்திருச்சு!"

ஓடிப்போய்க் கடை முதலாளியைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தார். எத்தனை மணிக்கு நிறம் மாறியது, எந்த இடத்தில் என்று சிங்களத்தில் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். அப்பா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். மேலே லயத்தில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்வது கேட்டது. அந்த ஒரு வருடத்தில் எங்கள் ஆட்களுக்குக் கதவு சாத்துவது நன்றாகப் பழகியிருந்தது.

இது நஞ்சு இல்லை, காயம் கழுவும் மருந்து, கிணற்றுக்குப் போடுவது என்று அப்பா சிங்களத்தில் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளரை எடுத்துவந்து, அந்தப் போத்தலிலிருந்தே ஊற்றி, எல்லோரும் பார்க்கக் குடித்தார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கடை முதலாளி எங்கள் லயத்தோடு வியாபாரம் செய்கிறவர், தமிழ் பேசுவார். கொஞ்சம் கூச்சத்தோடுதான் பேசினார்.

"நீங்க மருந்து தெரிஞ்ச ஆள், ஐயா. மாத்து மருந்து குடிச்சிட்டு வந்திருக்கலாம்தானே. இவங்க நம்ப மாட்டாங்க." என்னைக் காட்டினார். "பபாவுக்கு, இந்த புள்ளைக்கு குடுங்க."

"என்னங்க..." என்றார் அம்மா கதவடியிலிருந்து.

அப்பா கூப்பிடுவதற்கு முன்பே நான் போய் நின்றுவிட்டேன். எனக்கு அவ்வளவு ஆசை. யாருமே பார்த்திராத அறைகளுக்குள்ளெல்லாம் நுழைந்து, மலையைச் சுற்றாமல் அடியால் வந்த தண்ணீர் அது. அதைக் குடிக்கிற முதல் பிள்ளை நான். அப்பா ஊற்றும்போது பாதித் தண்ணீர் என் கவுனில் சிந்திவிட்டது. ஒரு துளி மருந்தைக்கூடச் சிந்தாத மனிதர் இப்படி வீணாக்குகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. இருந்ததை ஒரே மூச்சில் குடித்தேன். துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல் இருந்தது. டம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் தாருங்கள் என்று சிங்களத்திலேயே கேட்டேன். குடத்தோடு நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டாள்.

ஆனால் அவர்கள் போகவில்லை. வெயில் தாழும்வரை பார்க்கலாம் என்று கடை முதலாளி சொல்ல, மருந்துவீட்டு முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சும்மா இருப்பது மரியாதையில்லை என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பாட்டுகளையெல்லாம் அபிநயத்தோடு பாடினேன், தெரிந்த ஒரே சிங்களப் பாட்டை இரண்டு தடவை பாடினேன். கை தட்டினார்கள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா மட்டும் கை தட்டாமல் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைவிடத் தண்ணீர்தான் முக்கியம் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு பெண், வந்ததுதான் வந்தோம் என்று, மகனின் இருமலுக்கு மருந்து கேட்டாள். அப்பா கலந்து கொடுத்தார். கடை முதலாளி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்தக் குகை நாங்கள் எல்லோரும் நினைத்ததைவிடப் பெரிது, மலையின் அடிமுழுக்க ஓடுகிறது என்று கண்டுபிடித்த மனிதர் அதை ஒருவரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் பேராதனைக்குப் போய்விட்டார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பித்தார். குகைக்குள் மறுபடி இறங்கினாரா என்று நான் கேட்டதில்லை.

கிராமத்தார் மலைப்பாதையில் ஏறி மறையும்வரை அப்பா முற்றத்திலேயே நின்றார். பிறகு என்னைத் தூக்கினார். தூக்குகிற வயது எனக்கு எப்போதோ தாண்டியிருந்தது. கால்கள் அவர் முழங்கால்வரை தொங்கின. வீடு பக்கத்திலேயே இருந்தது, நடந்து வருகிறேன் என்றேன். விடவில்லை. வீட்டுக்குப் போய்க் கதிரையில் உட்கார்ந்தபோதும் இறக்கிவிடவில்லை. அம்மா வந்து கையை நீட்டியபோதும் கொடுக்கவில்லை. அவருடைய நெஞ்சு என் காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. நன்றாகப் பாடியதற்குத்தான் அப்பா என்னைக் கொஞ்சுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சிங்களப் பாட்டை அவருக்காக இன்னொரு தடவை பாடினேன்.