மைனா ஆடக் கூடாது

மண்ணாங்கட்டிக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் கிளம்பும், பிறகுதான் கை. மைனாவுக்குக் கால் போனதிலிருந்து இரண்டும் சேர்ந்தே கிளம்பின.

மைனா வெள்ளைக் குதிரை. வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவன் வாங்கியது. கருவடிக்குப்பத்தில் சுடுகாட்டுக்குப் போகிற ரோட்டை ஒட்டி வீடு, பக்கத்தில் மைனாவுக்குத் தகரக் கொட்டகை. மேளச் சத்தம் கேட்டால் போதும், யாரும் சொல்லாமலே முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடும். ஆடினால் வெல்லம் என்று அவன்தான் பழக்கியிருந்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் தேடி வருவார்கள்.

பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மண்டப வாசலில், டைல்ஸ் தரையில் குதிரையை ஏற்றினார்கள்.

"வேணாந்தம்பி, வழுக்கும்!"

"செல்லுல சூப்பரா வரும் பெருசு, தள்ளு."

வழுக்கியது.

கால்நடை டாக்டர் நிர்மலாதேவி காலைத் தடவிப் பார்த்து, ஸ்கேனும் எடுத்தார். "ஜவ்வு பாதிக்கு மேல கிழிஞ்சிருக்கு. கட்டு போட்டிருக்கேன். ஆறு மாசத்துக்காவது கொட்டாய விட்டு வெளிய வரக் கூடாது. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா நடக்க விடலாம்."

"திரும்ப ஆடுமா டாக்டரம்மா?"

"நடக்கும். ஆட்டத்த மறந்துடுங்க. இப்ப ஒரு தடவ ஆடினாலும் மிச்சமும் அறுந்துடும்."

மறந்துடுங்க என்று அவனிடம் சொல்லி என்ன? குதிரை அல்லவா மறக்க வேண்டும்!

அந்த வாரமே ஒரு சாவு. பட்டாசு, பாடை, முன்னால் மேளம். மைனா கட்டுப் போட்ட காலைத் தூக்கியது.

"யோவ், ஆடப் போவுதுய்யா!" என்று கத்திக்கொண்டே மனைவி தனக்கொடி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மண்ணாங்கட்டி ரோட்டுக்கு ஓடி, மேளத்தின் மேல் கையை வைத்து அழுத்தினான். "நிறுத்துடா!"

செத்தவரின் மகன் புருஷோத்தமன் கொள்ளிச்சட்டியோடு திரும்பினான். "இன்னாய்யா, தண்ணியா? எங்கப்பன் பாடையில கெடக்காரு. உன் குதுரைக்கு மேளத்த நிறுத்தணுமா?"

"உங்கப்பனுக்குக் காது கேக்காது. என் குதுரைக்குக் கேக்குதுடா!"

கூட்டத்திலிருந்து ஓர் அறை விழுந்தது. சட்டை கிழிந்தது. மேளக்காரன் தேவதாஸ்தான் விலக்கிவிட்டான். மைனாவோடு எத்தனையோ கல்யாணத்தில் அடித்தவன்.

"யோவ், இது சுடுகாட்டு ரோடு. இன்னிக்கி நான் நிறுத்திடறேன். நாளைக்கி வேற செட்டு வரும். ஊரு மேளத்தயெல்லாம் நிறுத்துவியா? நீ பழக்குன ஆட்டம், நீயே நிறுத்து."

கொட்டகையைத் தாண்டும்வரை மேளம் ஊமையாகப் போனது. வாங்கிய அறையைவிட அந்தப் பேச்சு அவனுக்கு எரிந்தது.

மறுநாள் காலையில் காலி எண்ணெய் டின்னையும் வெல்லத்தையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனான்.

"இப்ப நீயே அடிக்கப் போறியா? கிறுக்கு புடிச்சிக்கிச்சா?" என்றாள் தனக்கொடி.

"வாய மூடிக்கினு கால அமுக்கிப் புடி."

டின்னை நகத்தால் மெதுவாகத் தட்டினான். தனக்கொடியின் கைக்குள் கால் துடித்தது. வெல்லம் கிடையாது. மறுபடி தட்டினான். துடிக்காமல் நின்றபோது ஒரு துண்டு கொடுத்தான். மைனா அவனை ஒரு மாதிரி பார்த்தது. ஆடினால் கொடுத்தவன் நின்றால் கொடுக்கிறானே!

அதிலிருந்து தினமும் டின்தான். ஒரு தட்டுக்கு ஒரு கெட்ட வார்த்தை. எல்லாம் அந்தக் கூட்டாளிகளுக்கு. நகம் போய் விரல் வந்தது, விரல் போய்க் குச்சி வந்தது. நடுவில் வந்த ஒவ்வொரு சாவுக்கும் ரோட்டில் நின்று சண்டை போட்டான். சில செட் நிறுத்தியது. சில செட் அவனைத் தள்ளிவிட்டு அடித்தது. அப்போதெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் குதிரையின் கழுத்தில் தொங்கினார்கள்.

மழைக்காலம் முடிந்து டாக்டர் மறுபடி ஸ்கேன் பார்த்தார். "ஜவ்வு கூடி வருது. வாசல் வரைக்கும் நடத்துங்க."

கயிற்றைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தான். எதிரே தேவதாஸின் செட், பின்னால் பாடை. மைனாவைப் பார்த்ததும் தேவதாஸ் கையைத் தூக்கினான். மேளம் நின்றது.

"எவன்டா நிறுத்தச் சொன்னது? அடிடா!" என்று மண்ணாங்கட்டி கத்தினான்.

தேவதாஸ் அவனை முறைத்துவிட்டு அடித்தான். மைனாவின் காது திரும்பியது. தோல் ஒருதரம் சிலிர்த்தது. கால் தரையிலேயே இருந்தது. மூக்கால் அவன் லுங்கி மடிப்பைத் துழாவியது, வெல்லம் எங்கே என்று.