அம்மா தலைமையாசிரியையாக நடித்தது

என் அம்மா முதன்முதலில் திரையில் தோன்றியபோது அவள் வாயிலிருந்து வேறு யாரோ ஒரு பெண்ணின் குரல் வந்தது. தாம்பரத்தில் ஒரு தியேட்டர், காலைக் காட்சி. எங்கள் குப்பத்திலிருந்து இரண்டு வேன் பிடித்துப் போயிருந்தோம். படத்தில் அம்மாவுக்கு இரண்டே காட்சி. மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வில்லனின் ஆட்களைத் திட்ட வேண்டும். அவள் முகம் தெரிந்ததும் எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். ஒருவர் இருக்கையின் மேலேயே ஏறி நின்றார். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அந்தக் குரல் கேட்டது. மெல்லிய, மூக்கால் இழுக்கிற குரல்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யார்டி இவ? என் வாய்ல பூந்துகினு பேசறா?"

"டப்பிங்மா. வேற ஆளு பேசியிருக்காங்க."

"என்னைக் கேட்டானுங்களா?"

படம் முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவள் சிரித்தாள். ஆனால் வீட்டு வாசலில் வேனை விட்டு இறங்கும்போது, "நல்லா செஞ்சதை நாஸ்தி பண்ணிட்டானுங்க" என்றாள்.

அம்மா சினிமாவுக்கு வந்ததே ஒரு சிரிப்பால்தான். சுனாமிக்கு அடுத்த வருடம் எங்கள் கடற்கரையில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. மீன்காரியாக நடிக்க வந்த நடிகை கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். கூட்டத்தில் நின்ற அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இயக்குநர் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா சிரிக்கிறீங்க?"

"கூடையில மீனே இல்லியே சார். மீன் இருந்தா இப்டியா நடப்பாங்க? கழுத்து அசையாது. இடுப்புதான் நடக்கும்."

"நீங்க நடந்து காட்டுங்க பார்ப்போம்."

அம்மா காட்டினாள். காலிக் கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள். பத்துக் கிலோ இருப்பதுபோலக் கால் மணலில் புதைந்தது. கொஞ்ச தூரம் நடந்து, யாரோ பேரம் பேச நிறுத்தியதுபோல நின்று, கூடையை இறக்கி, இல்லாத மீனைக் காட்டி, இல்லாத ஆளிடம் சண்டை போட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு நடந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் இயக்குநர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அனுமதி கேட்டார். அப்பா வலை தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "அவளைக் கேளு சார். நான் சொல்லி எதை செஞ்சிருக்கா அவ?" முதலில் வந்த நடிகைக்கு அதே படத்தில் வேறு வேடம் கொடுத்தார்கள். அதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் அம்மா சம்மதித்தாள்.

அப்போது அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல். விடிவதற்குள் கரையில் மீன் எடுத்து, பஸ் பிடித்துக் கோவிலம்பாக்கம் போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவாள். பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் நம்பர் தெரியும், ரூபாய் நோட்டு தெரியும், எழுத்து தெரியாது. நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன்.

அதே இயக்குநர் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டபோது அம்மா ஒரே நிபந்தனை போட்டாள்.

"என் கொரல்ல நானே பேசுறதுன்னா வரேன். இல்லாட்டி அந்தப் பொண்ணையே கூட்டிகினு வந்து நிக்க வெச்சுக்கோ."

"டப்பிங்ல பேப்பர் பார்த்துப் படிக்கணும்மா."

"என் பொண்ணு பட்ச்சி சொல்வா. நான் பேசுறேன்."

அப்படித்தான் நான் சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டருக்குள் போனேன். குளிர்ந்த, இருட்டான அறை. எதிரே சின்னத் திரையில் அம்மாவின் முகம் மறுபடி மறுபடி வந்து வாயசைத்தது. மைக்குக்கு முன்னால் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ஒவ்வொரு வசனத்தையும் நான் காதருகே மெதுவாகச் சொல்வேன், நகர்ந்துகொள்வேன், அவள் பேசுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் எஞ்சினியர் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது வசனத்துக்குப் பிறகு பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "அம்மா படிச்சவங்களா இருந்திருந்தா பேப்பரைத்தான் பார்த்திருப்பாங்க. இப்போ ஸ்கிரீன்ல தன் முகத்தையே பார்க்கிறாங்க, உதடு தப்பவே இல்லை" என்றார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "சோத்தைத் துன்னு" என்றாள். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

முதல் படத்தையும் சேர்த்து இரண்டு வருடத்தில் ஏழு படங்கள். எல்லாவற்றிலும் மீன்காரி, இல்லாவிட்டால் குழாயடியில் கத்துகிறவள். அம்மா அலுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மீன்காரிக்கும் ஒரு தனி நடை வைத்திருந்தாள். ஆனால் எட்டாவதாகத் தேடி வந்த படத்தில் அவள் வரும்போதெல்லாம் கதாநாயகனின் நண்பன் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கடைசியில் அவளைச் சாக்கடையில் தள்ளிவிட வேண்டும், ஜனம் சிரிக்க வேண்டும். வசனப் பேப்பரை நான் படித்துக் காட்டினேன். அம்மா முழுவதும் கேட்டாள்.

"இதை எயுதுனவன் வூட்ல மீன் துன்ன மாட்டாங்களா?"

புரொடக்‌ஷன் மேனேஜர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார், பிறகு மிரட்டினார். "பெரிய படம்மா. இதை விட்டா அடுத்து யாரும் கூப்பிட மாட்டாங்க."

"கூப்ட வேணாம். எனக்குக் கோவிலம்பாக்கம் கீது."

அவர் சொன்னதுபோலவே ஆயிற்று. ஒரு வருடத்துக்கு மேல் யாரும் கூப்பிடவில்லை. அம்மா தினமும் கூடையோடு கிளம்பிப் போனாள். 'சினிமாவெல்லாம் அவ்வளவுதானா' என்று குப்பத்தில் கேட்டவர்களைத் தூரத்தில் கண்டாலே நான் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். எனக்குள் கொஞ்சம் வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் கல்லூரியில் யாராவது அம்மாவைப் பற்றிக் கேட்டால், அவள் நடித்த ஏழு படங்களை விட்டுவிட்டு நடிக்க மறுத்த அந்த ஒரு படத்தைப் பற்றித்தான் சொல்வேன்.

அதன் பிறகு ஒரு புது இயக்குநர் அம்மாவைக் கோவிலம்பாக்கம் தெருவிலேயே வந்து பிடித்தார். முப்பது வயதுப் பெண். அதுதான் அவருக்கு முதல் படம். சங்கரா மீன் அரைக்கிலோ வாங்கிவிட்டு, அங்கேயே ஒரு வீட்டு மதில் நிழலில் உட்கார்ந்து கதை சொன்னாராம். ஊரோரத்தில் ஒரு சின்னப் பள்ளி. அந்த இடத்தை மனைகளாகப் போட்டு விற்கப் பார்க்கிறார்கள். தலைமையாசிரியை ஒருத்தி விடமாட்டேன் என்கிறாள்.

"இதுல நான் யாரு? ஆயாவா?"

"நீங்கதான் தலைமையாசிரியைம்மா."

அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்ததாம். இயக்குநர் சிரிக்கவில்லை. "நாலு நாளா உங்க பின்னாடியே வந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். நேத்து ஒருத்தர் நீங்க எடை குறைச்சுப் போடறீங்கன்னு கத்தினார். நீங்க ஒண்ணுமே பேசலை. அவரைப் பார்த்தீங்க. அவரே பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். எனக்கு அந்தப் பார்வை வேணும்" என்றார்.

அந்த வாரம் முழுவதும் அம்மா யோசித்தாள். பிறகு ஒருநாள் மீன் விற்றுவிட்டு வந்ததும், என் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, அதற்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"யாரும்மா இது?"

"மூணாவது தெரு டீச்சரம்மா. ரிடேர் ஆனவங்க. பதினஞ்சு வருசமா எங்கிட்ட மீன் வாங்குறாங்க. செவுளைத் தூக்கி இப்டித்தான் பாப்பாங்க. கெட்டுப்போன மீனா இருந்தா அதுவே மன்னிப்புக் கேட்டுக்கும்."

நடையும் பார்வையும் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. இரண்டு விஷயங்கள்தான் இல்லை. ஒன்று, பேச்சு. தலைமையாசிரியை 'கொயந்தைங்க' என்று சொல்ல முடியாது. 'குழந்தைகள்' என்ற ஒரு சொல்லுக்காக அம்மா ஒரு மாதம் பாடுபட்டாள். நாக்கை மடித்து மடித்து வலிக்கிறது என்பாள். "எங்க பேச்சு இன்னா தப்பா?" என்று ஒருநாள் கோபமாகக் கேட்டாள். தப்பில்லை, இந்த வேடத்துக்கு வேறு பேச்சு, உனக்கு நடை மாறுகிற மாதிரி இதுவும் என்றேன். அது அவளுக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு அதை ஒரு வேஷமாக எடுத்துக்கொண்டு பேசிப் பழகினாள். ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே, எதிர்பாராமல், சுத்தமாக, 'குழந்தைகள்' என்றாள். அப்பா திகைத்துப்போய் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

இன்னொன்று, எழுத்து. படத்தின் முக்கியமான காட்சியில் தலைமையாசிரியை கரும்பலகையில் ஒரு வரி எழுத வேண்டும்: 'நாளை பள்ளி உண்டு.' கை மட்டும் தெரிகிற ஷாட்டில் வேறு யாருடைய கையையாவது வைத்துக்கொள்ளலாம் என்றார் இயக்குநர்.

"வாணாம்மா. ஜனம் கண்டுபுட்ச்சுடும்" என்றாள் அம்மா. "என் கையில தயும்பு கீது பாரு."

"அதான் நானும் யோசிக்கிறேன். டீச்சர் கையில தழும்பு இருக்குமா?"

"டீச்சர் வூட்ல மீன் வெட்ட மாட்டாங்களா?"

இயக்குநர் சிரித்துவிட்டார். நான் சாக்பீஸ் வாங்கி வந்தேன். வீட்டின் பின்சுவரில் எழுதிக் காட்டினேன். எழுத்துகளை அவள் தனக்குத் தெரிந்த பொருள்களாகப் பார்த்தாள். 'உ' சுருண்ட இறால். 'ண்' அவளைப் படுத்தி எடுத்தது. "இதுக்கு எத்தினி சுழிடி?" என்று தினமும் கேட்பாள். 'ளை', 'ள்', 'ளி' மூன்றும் ஒன்றுபோலவே இருந்து குழப்புவதாகத் திட்டுவாள். அந்த ஒரு வரியில் அவள் நின்றுவிடவில்லை. பலகையில் எழுதுவது என்னவென்று தெரியாமல் எழுதினால் முகத்தில் தெரிந்துவிடும் என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தும் வேறு எந்தச் சொல்லில் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். படப்பிடிப்பு தொடங்குவதற்குள் கோவிலம்பாக்கம் கடைப் பலகைகளில் பாதியைப் படித்துவிட்டாள்.

முடிச்சூரில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் படப்பிடிப்பு. சுற்றிலும் வயல்களில் மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். கதைக்கு அது அப்படியே பொருந்தியது. அந்தப் பகுதிப் பிள்ளைகளே மாணவர்களாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காட்டன் புடவையும் மூக்குக்கண்ணாடியுமாக அம்மா உள்ளே வந்ததும், யாரும் சொல்லாமலே அவர்கள் எழுந்து நின்றார்கள். நான் விளக்குகளுக்குப் பின்னால் நின்றேன்.

முதல் டேக்கில் சாக்பீஸ் உடைந்தது. அம்மா இன்னொன்றை எடுத்தாள். இரண்டாவது டேக்கில் மெதுவாக எழுத ஆரம்பித்தாள். நா. ளை. ஒவ்வொரு எழுத்துக்கும் அவளுக்கு நேரம் பிடித்தது. ஆனால் எல்லாம் கைவிட்டுப் போகிற நாளில் ஒரு தலைமையாசிரியை அப்படித்தானே எழுதுவாள்? 'ண்'-க்கு வந்தபோது நான் சுழிகளை எண்ணினேன். மூன்று சுழி. சரியாக வந்தது. 'டு' எழுதி முடித்து, சாக்பீஸைக் கீழே வைத்து, விரல் தூசியைத் தட்டி, திரும்பி, கண்ணாடிக்கு மேலாகப் பிள்ளைகளைப் பார்த்தாள். இயக்குநர் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். பிள்ளைகள்தான் முதலில் கைதட்டினார்கள். நான் அழுதுகொண்டிருப்பது, லைட் போடுகிற அண்ணன் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது.

படம் பெரிதாக ஓடவில்லை. மூன்று வாரம். ஆனால் பத்திரிகைகள் எல்லாம் அம்மாவைப் பற்றி எழுதின. அந்த வருடம் சிறந்த குணச்சித்திர நடிகைக்கான விருது அவளுக்குக் கிடைத்தது. மூணாவது தெரு டீச்சரம்மாவை அம்மா தன் செலவில் தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் அவர் கண்ணாடியை இறக்கி அம்மாவைப் பார்த்தார்.

"நான் இப்படியா பார்க்கிறேன்?"

"இப்போகூட அப்டித்தான் பாக்குறீங்க டீச்சர்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அவளுக்கு நீதிபதி, டாக்டர், கட்சித் தலைவி என்று வேடங்கள் வந்தன. நடுவில் ஒரு படத்தில் மீன்காரியாகவும் நடித்தாள். கதை பிடித்திருந்தது என்றாள். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் கூடையை எடுத்துக்கொண்டு கோவிலம்பாக்கம் கிளம்பிவிடுவாள். ஏன் என்று கேட்டால், அங்கே போனால்தான் மனுஷங்களைப் பார்க்க முடியும் என்பாள்.

பி.எட். முடித்துவிட்டு நான் முதல் ஆசிரியை வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் 'நடிகை' என்று எழுதினேன். அவள் குனிந்து, விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மீன் வியாபாரம் எங்கடி?"

"இடம் இல்லைம்மா."

"சின்னதா எயுது."

எழுதினேன்.