கதவு வரைக்கும் படித்த கதை

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற ஆக்னஸின் புத்தகக் கடைக்குச் சோறு போடுவது நோட்டும் கைடும்தான். பரீட்சை வந்தால் கூட்டம் நெரியும், மற்ற நாளில் ஈ ஓட்டலாம். பின்சுவரில் ஓர் அலமாரி நிறைய நாவல்கள். எல்லாவற்றிலும் ஒரே ஒரு பிரதி. அதற்கு மேல் வாங்கி வைத்தால் கரையான்தான் படிக்கும்.

அந்த ஒரு பிரதியையும் முதலில் படிப்பது ஆக்னஸ். புத்தகத்தின் முதுகு மடங்காமல் பாதி திறந்து, இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துப் படிப்பாள். பழசு என்று யாரும் முகம் சுளித்துவிடக் கூடாதே! வீட்டுக்கும் கொண்டுபோக மாட்டாள். விற்கிற சரக்கை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். கேட்ட புத்தகத்தை இல்லை என்று சொல்லக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இரண்டும் சேர்ந்து அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பாதிக் கதையில் விற்றுப்போன நாவல்கள் எத்தனையோ. அதில் யார் பிழைத்தார்கள், யார் செத்தார்கள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

சிபாரிசு செய்வதில் மட்டும் கூச்சநாச்சம் கிடையாது. பீங்கான் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் முன்னேற்றப் புத்தகம் கேட்டு வந்தார். "உங்களுக்கு அதெல்லாம் எதுக்குங்க? நேரத்துக்குத் தூங்குங்க, தானா முன்னேறிடுவீங்க. இந்தக் கதையக் கொண்டுபோங்க" என்று ஒரு நாவலைத் தலையில் கட்டினாள். "படிச்சிட்டு வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்று எல்லோரிடமும் சொல்லித்தான் அனுப்புவாள். போனவர்கள் கிணற்றில் போட்ட கல். கல்யாணம் ஆகாததைக்கூட அவள் குறையாகச் சொன்னதில்லை, இதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்வாள். அம்மாவும் போன பிறகு வீட்டில் ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்து வைத்துக்கொண்டு, கதையில் வந்தவளைப் பார்த்து, "ஏண்டி இப்படிச் செஞ்ச?" என்று வாய்விட்டுக் கேட்பாள். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

அன்றைக்கு அவள் கையில் இருந்தது உப்பளத்தில் வேலை செய்கிற ஒருத்தியின் கதை. படுத்த படுக்கையான அப்பனை அவள் தலையில் கட்டிவிட்டு ஓடிப்போன அண்ணன், அப்பன் செத்து வருஷங்கள் கழித்து மழையில் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆக்னஸ் பக்கத்தைத் திருப்பப் போன சமயத்தில் ஒரு பெண் வந்து நின்றாள்.

"மெட்ராஸுக்கு ரயில் ஏறப் போறேங்க. படிக்க ஏதாச்சும் குடுங்க."

ஆக்னஸ் நாலைந்தை எடுத்துப் போட்டாள். அந்தப் பெண் எதையும் தொடவில்லை.

"கையில வச்சிருக்கீங்களே, அதையே குடுங்க. வேப்பூர்ல டிபன் கடை வச்சிருக்கேன், பேரு வேல்விழி. மொதலாளி சாப்புடுற பதார்த்தத்ததான் நம்பிச் சாப்புடணும், அது எனக்குத் தெரியும்."

சட்டம் சட்டம்தானே! கொடுத்துவிட்டாள். கொடுத்த கை அன்று முழுக்க வேறு வேலை செய்யவில்லை. பதிப்பகத்துக்குப் போன் போட்டால், பிரதி தீர்ந்துவிட்டது, மறுபதிப்பு எப்போது என்று தெரியாது என்றார்கள். வாரங்கள் போயின, வேல்விழி வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆக்னஸ் வேப்பூர் பஸ் ஏறிவிட்டாள். ஒரு கதையின் முடிவைக் கேட்கப் பஸ் ஏறிப் போகிற பைத்தியம் ஊர் உலகத்தில் உண்டா என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வேல்விழி தோசைக்கல்லின் முன் நின்றுகொண்டிருந்தாள். ஆக்னஸ் மூச்சு வாங்கக் கதையைக் கதவு வரைக்கும் சொல்லி, "அப்பறம் என்னா ஆச்சும்மா?" என்றாள். வேல்விழி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கதவத் தொறந்துட்டாக்கா. ஒண்ணும் கேக்கல. துண்டு எடுத்துக் குடுத்தா, சோறு போட்டா. அவன் தின்னுக்கிட்டே அழுதான். இவ போயிப் படுத்துக்கிட்டா."

ஆக்னஸ் எச்சில் இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில். கடைசியில் ஒரு வாசகி கிடைத்துவிட்டாள்!

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வேப்பூர்தான். கல்லாவில் தன் காசையே போட்டு ஒரு நாவலை வாங்கிக்கொண்டு போவாள். போன வாரப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். வாரத்தின் மற்ற நாட்களை அவள் அந்த ஒரு நாளுக்காகவே தள்ளினாள்.

மழைக்காலத்தில் உப்பளக் கதைக்கு மறுபதிப்பு வந்தது. ஆக்னஸ் கடையைத் திறந்த கையோடு அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். கதையில் தங்கச்சி கதவைத் திறக்கவில்லை. விடியும்வரை நின்றுவிட்டு அண்ணன் போய்விடுகிறான். அவ்வளவுதான் கதை.

ஞாயிறு வரைக்கும் யார் பொறுப்பது? கடைக்குப் பூட்டைப் போட்டுவிட்டுப் போய்ப் புத்தகத்தைத் தோசைக்கல் பக்கத்தில் பொத்தென்று போட்டாள்.

"நீ இதப் படிச்சியா இல்லியா?"

வேல்விழி தலையைக் குனிந்துகொண்டாள். "பிரிச்சே பாக்கலக்கா, ரயில்லயே வுட்டுட்டேன். அவ்ளோ தூரம் வந்து நின்னீங்க. மூஞ்சியப் பாத்தேன், இல்லன்னு சொல்ல வாய் வரல. நான் அவளா இருந்தா என்னா செஞ்சிருப்பேனோ, அதச் சொன்னேன்."

"அப்ப மத்த புக்கெல்லாம்?"

"அரிசி டின்னுக்குப் பின்னால இருக்குது. கண்ண மூடுனா போதும்னு இருக்கும்க்கா எனக்கு, எங்க படிக்கிறது? நீங்கதான் பேசுவீங்க, நான் ஊம் கொட்டுவேன். நீங்க வந்தா நல்லா இருக்குது. காசு குடுத்துட்டுப் போறவங்கதான் இங்க வராங்க, உக்காந்து பேச யாரு வரா?"

அத்தனை ஞாயிறும் ஆக்னஸ் தன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாளா? அதற்கு வீட்டுச் சுவரே போதுமே, பஸ் எதற்கு? புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, கதவத் தொறக்கலியா அவ?" வேல்விழி அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "அதானே இவ்ளோ கோவம் ஒங்களுக்கு? மழையில நிக்கிறான், கூடப் பொறந்தவன். ஏன்க்கா தொறக்கல?"

இத்தனை வருஷத்தில் ஒரு கதையைப் பற்றி ஆக்னஸிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியலியே, வேல்விழி. காலையிலேருந்து எனக்கும் அதே நெனப்புதான். கேக்கறதுக்கு ஒன்ன வுட்டா ஆளு இல்ல. அதான் வந்தேன்."