ஆரல்வாய்மொழிக் காற்றும் ஒரு புதிய வால்வும்

அந்தப் பெட்டியில் மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுக் கோப்புகளில் முடிவைக் கடைசிப் பத்தியில் ஒளித்து எழுதியவன் நான். சொந்தக் கதையிலாவது அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

நாங்கள் திருவனந்தபுரத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு இன்னும் சேரவில்லை. நான் நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். என் அக்கா ஆரல்வாய்மொழியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மணமான நான்காம் வருஷம் கணவரைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். பிறந்த வீடு என்பது நாகர்கோவில் வடசேரியில் நானும் என் மனைவியும் இருந்த வீடு. சொத்து பெண்வழியில் இறங்கும் பழைய மருமக்கள்வழி இருந்திருந்தால் அந்த வீட்டில் அவளுக்கும் பாத்தியதை இருந்திருக்கும். சட்டம் மாறி மக்கள்வழி வந்துவிட்டதால் அவளுக்கு மிஞ்சியது மரியாதை மட்டும்.

அப்படித் திரும்பி வந்த பெண் எங்கள் வீடுகளில் எதையும் குறை சொல்ல மாட்டாள். சோறு குழைந்திருந்தால் நல்லாயிருக்கு. புளிக்கறியில் உப்புக் கூடியிருந்தாலும் நல்லாயிருக்கு. "இன்னும் கொஞ்சம் விடட்டா மைனி?" என்று என் மனைவி கேட்பாள். "போரும்" என்று அக்கா இலைமேல் கையை விரிப்பாள். இதை நான் அவளுடைய நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வசதியான விளக்கம் அதுதான்.

ஒரு வருஷம் டைபாய்டு காய்ச்சல் வந்து, ஒரு மாதத்துக்கு மேல் படுத்து எழுந்தாள். உடம்பு தேறியது, காது தேறவில்லை. விசித்திரமான செவிடு அது. பஸ்ஸின் இரைச்சல் கேட்கும், கோயில் மேளம் கேட்கும், ஆண்கள் பேசினால் பேசுகிறார்கள் என்றும் தெரியும். ஆனால் சொல் பிரியாது. குழந்தைகளின் மெல்லிய குரலோ அடியோடு போய்விட்டது. மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு எந்தச் சத்தம் வேண்டுமோ, சரியாக அதை மட்டும் காய்ச்சல் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருந்தார். யுத்தத்தின்போது ராணுவத்தில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் இருந்தவர். அவர்தான் அந்தப் பெட்டியைச் செய்து தந்தார். தேக்குப் பலகைப் பெட்டி, உள்ளே ரேடியோவில் எரியும் கண்ணாடிக் குழல்போல இரண்டு வால்வு, ஒரு பாட்டரி, வெளியே மேஜையில் வைக்க ஒரு மைக், தலையில் மாட்ட ராணுவ ஹெட்போன். வால்வு சூடாகிச் சிவக்க அரை நிமிஷம் ஆகும். நான் முதலில் மாட்டிக் கேட்டபோது எனக்குப் பல் கூசியது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம்.

அக்கா மாட்டினாள். எதிரே நின்ற என் மனைவி ஏதோ சொன்னாள். அக்காவின் முகம் மாறியது.

"கேக்கு. பிரிஞ்சு கேக்கு" என்றாள். பிறகு ஒரு கேள்விக்கும் இடமில்லாமல் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பள்ளியில் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "டீச்சருக்க காதுல ரெண்டு கொழுக்கட்டைலே" என்று ஒருவன் பின்பெஞ்சில் முணுமுணுத்திருக்கிறான். "கொழுக்கட்டைக்குக் காது கேக்கும் மக்கா, எந்திரி" என்று அக்கா சொன்னதும் வகுப்பே வாயடைத்துப் போயிற்றாம். இதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். அந்த ஒரு வருஷம் அவள் அடிக்கடி சிரித்தாள்.

அதன் பிறகு ஒரு மொட்டை மனு போயிற்று. காது கேளாத ஆசிரியை பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறாள் என்று. எழுதியவன் பெயர் இல்லாவிட்டாலும் மனு பெயருள்ள அதிகாரிகள் எல்லோரையும் சுற்றிக்கொண்டு பள்ளி இன்ஸ்பெக்டரிடம் வந்து சேர்ந்தது. ஒரு புதன்கிழமை அவர் நேரில் வந்து பார்ப்பார், அவர் எழுதுவதை வைத்து அக்கா வேலையில் நீடிப்பதா இல்லையா என்பது முடிவாகும் என்று தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார்.

அந்த வேலை போனால் அக்காவுக்கு என்ன மிஞ்சும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையில் எட்டு மணிக்குக் குடையோடு பஸ் ஏறிப் போகும் ஒருத்தி, நாள் முழுவதும் தம்பி மனைவியின் அடுக்களையில் நிற்பாள். அவ்வளவுதான்.

நான் விதிகளைப் புரட்டினேன். ஆசிரியர் மூக்குக்கண்ணாடி போடலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை, போடக்கூடாது என்றும் சொல்லவில்லை. கண்ணுக்கு ஆட்சேபம் இல்லாதது காதுக்கு எப்படி ஆட்சேபமாகும் என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "இதுக்கு மறுப்பு எழுத ஆளு பொறந்து வரணும்" என்றார். அந்தப் பாராட்டில் எனக்குத் தலை கனத்தது. சட்டப் பக்கத்தை அடைத்தாயிற்று. மிச்சம் இருந்தது அந்தத் தகர டப்பாச் சத்தம். அதையும் சீராக்கிவிட வேண்டும் என்று தோன்றியது.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் ராணுவம் கழித்துவிட்ட சாமான்கள் விற்பார்கள். ஆபீஸ் வேலையாகப் போனவன் அங்கே ஒரு மத்தியானம் முழுவதும் அலைந்து, பிரிக்காத அட்டைப் பெட்டியில் ஒரு வால்வு வாங்கிவந்தேன். அதே அடி, அதே கால்கள், ஆனால் வேறு ஜாதி வால்வு, சத்தம் தேன்போல வரும் என்றான் கடைக்காரன். நாகர்கோவிலில் மெக்கானிக்கிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல சாமான்தான் வே. அந்தம்மா ஏதாவது கொறை சொல்லிச்சா?"

"இல்லை."

"பின்னே, நல்லா ஓடுகத ஏன் நோண்டுகீரு?"

"இன்னும் நல்லாக் கேக்கட்டுமே."

"யாருக்கு?" என்றார்.

ரேடியோக்காரர்களுக்கே உரிய குசும்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அக்கா பெட்டியைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்தாள். புதிய வால்வின் கால்களைத் துணியால் துடைத்து, இரண்டில் மைக் பக்கத்துப் பழையதைப் பிடுங்கி அதைச் செருகினேன். உள்ளறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு மனைவியைச் செய்தித்தாள் வாசிக்கச் சொன்னேன். பழையது ஒருமுறை, புதியது ஒருமுறை, மறுபடி பழையது, மறுபடி புதியது. ஹெட்போன் என் தலையில் இருந்தது. எந்தக் குறையும் இல்லாத என் தலையில்.

"கறி அடியிலே பிடிக்கும். சீக்கிரம் கேட்டு முடியுங்கோ" என்று அவள் கத்தியதுகூடப் புதிய வால்வில் குயில் கூவியதுபோல இருந்தது. குரலுக்கு உடம்பு வந்திருந்தது. பெட்டியைப் பென்சிலால் தட்டினால் ணங் என்று மணியடித்தாற்போல் ஒரு முழக்கம் எழுந்தது. சிறு குறைதானே, யார் தட்டப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அக்காவை உட்கார வைத்து மாட்டினேன். மனைவி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பிடிக் கேக்கு?" என்றேன்.

என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நல்லாக் கேக்கு" என்றாள்.

திங்கட்கிழமை மாலையும் கேட்டேன். நல்லாக் கேக்கு. செவ்வாய்க்கிழமை மாலை, சைகையோடு சேர்த்துக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். நல்லாக் கேக்கு. பழைய வால்வு என் மேஜை இழுப்பறையில் பஞ்சில் சுற்றிக் கிடந்தது.

புதன்கிழமை சார்ஜ் ஏற்றிய பாட்டரியைச் சுமக்கும் சாக்கில் நானும் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனேன். அது ஆனி மாதக் கடைசி. ஆரல்வாய்மொழிக்கு அந்த மாதங்களில் போயிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவாய் வழியாகக் காற்று இரவும் பகலும் பிய்த்துக்கொண்டு அடிக்கும். பஸ்ஸை விட்டு இறங்கினால் வேட்டியைப் பிடிப்பதா பாட்டரியைப் பிடிப்பதா என்று தெரியாது. பள்ளிக் கட்டடத்தில் சுவர் இடுப்பளவுதான், மேலே மரச்சட்டம். ஓலைத்தட்டி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் சோதனை செய்ததோ வடசேரியில், ஜன்னல் சாத்திய அறையில்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்ல. என் குறிப்பை முழுவதும் வாசித்திருந்தார். கருவிக்கு ஆட்சேபம் இல்லை என்றார். எனக்கு அப்போதே ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு வகுப்பின் பின்பக்கம் போய் நின்று மூன்று பிள்ளைகளை எழுப்பினார். முதல் பிள்ளை ஏழாம் வாய்ப்பாடு சொன்னது. அக்கா தலையாட்டி, "சரி" என்றாள். இரண்டாவது பிள்ளை சொன்னது, சரி. மூன்றாவது பிள்ளையின் காதில் இன்ஸ்பெக்டர் குனிந்து ஏதோ சொன்னார். அந்தப் பெண்குழந்தை அவரை ஒருமுறை, டீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓரேழு எட்டு என்று தொடங்கி முழுக்கத் தப்பாகவே சொல்லி முடித்தது.

"சரி. இரி மக்கா" என்றாள் அக்கா.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. கொழுக்கட்டை என்று முணுமுணுத்த வகுப்புதான் அது. சிரித்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும், திருத்தியிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தலைமையாசிரியர் அறைக்குப் போனார். பிள்ளைகளை மத்தியானத்துக்கு விட்டார்கள். காலி வகுப்பில் நான் ஹெட்போனை வாங்கி மாட்டினேன்.

காற்றுதான் கேட்டது. கடியப்பட்டணத்துக் கடற்கரையில் அலை உடைகிற இடத்தில் தலையைக் கொடுத்தாற்போல ஓவென்று காற்று. நான் உடம்பு என்று மெச்சியது இதைத்தான். பழைய வால்வுக்குக் கனத்த சத்தம் வராது. அதனாலேயே அது காற்றை விட்டுவிட்டுக் குழந்தைக் குரலை மட்டும் கூர்மையாகக் கொடுத்திருக்கிறது. தட்டி அடித்த ஒவ்வொரு அடிக்கும் பெட்டி ணங் ணங் என்று முழங்கியது. எதிரே அக்கா வாயசைத்தது எனக்கே பிரியவில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கரும்பலகையில் எழுதினேன்: திங்கட்கிழமையே தெரியுமா?

"தெரியும்" என்றாள்.

பிறகு ஏன் சொல்லவில்லை?

"நீ திருவனந்தபுரம் போயி அலைஞ்சு கொண்டு வந்திருக்கே. ஒனக்க பெண்டாட்டியும் பாத்துக்கிட்டு நிக்கா. எப்பிடிலே கொறை சொல்லுகது?"

இது உன் வேலை அக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எழுதினேன். சுண்ணாம்புக்கட்டி ஒடிந்தது.

அவள் வாசித்தாள். கோபப்படவில்லை. "நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றாள். "புதுசு எப்பிடி, புதுசு எப்பிடின்னு மூணு நாளு கேட்டே. பழசு எப்பிடி இருந்துதுன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

கரும்பலகையைத் துடைத்தேன்.

பிள்ளைகள் சொல்வது ஆசிரியைக்குக் கேட்கவில்லை என்றே இன்ஸ்பெக்டர் எழுதினார். மறுநாளே பழைய வால்வைச் செருகி, மறு ஆய்வு கேட்டு விண்ணப்பம் எழுதினேன். ஒருமுறை பார்த்தாயிற்று என்று பதில் வந்தது. மேல்முறையீடு எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. நினைவூட்டல் எழுதினேன். பிறகு மாவட்டமே மாநிலம் மாறியது. ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். அக்காவின் கோப்பு பழைய அரசாங்கத்துக்கு வேண்டாததாகவும் புதிய அரசாங்கத்துக்குப் புரியாததாகவும் எங்கோ கிடந்தது. வால்வு மாற்றியதால் கேட்கவில்லை என்று நான் விளக்கியிருந்த பத்தியின் ஓரத்தில் யாரோ ஓர் அதிகாரி சிவப்பு மையில் போட்டிருந்த கேள்விக்குறி மட்டும் என் பார்வைக்கு வந்தது. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

கடைசியில் மிஞ்சியது, உடல் தகுதியின்மையால் ஓய்வு கோரும் விண்ணப்பம். அவளே கேட்பதுபோல நான்தான் எழுதினேன். இருபது வயதிலிருந்து நான் எழுதிய விண்ணப்பங்களில் ஒரு கேள்விகூட எழுப்பப்படாமல் ஒரே வாரத்தில் ஆணையாகித் திரும்பியது அது ஒன்றுதான். அவ்வளவு கச்சிதமாக எழுதியிருந்தேன்.

அந்த விண்ணப்பத்தை எழுதிக் கையெழுத்துக்காக அவளிடம் கொடுத்த அன்று, அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கி நின்றபடியே இரண்டு பக்கமும் வாசித்தாள். "எங்க ஒப்புப் போடணும்?" என்றாள். ஹெட்போன் அவள் தலையில் இல்லை. வாய் திறந்து பயனில்லை. தாளின் கீழ்ப்பக்கம் வலது மூலையை விரலால் தொட்டுக் காட்டினேன்.