மாப்பிள்ளைப் படகு

திருமுல்லைவாயிலில் ஏகாம்பரம் குடியிருக்கும் தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்துமூன்று வருடம் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் மோட்டார், மாவு அரைக்கும் இயந்திரம், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், எதையும் அவர் இல்லையென்று திருப்பி அனுப்பியதில்லை. வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் காபி போதும். சர்க்கரை வியாதி என்று மனைவி மங்களம் வீட்டில் காபியைக் குறைத்துவிட்டதால், ஊராரின் மோட்டார்கள் பழுதாவதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் உண்டு.

அப்படிப்பட்ட மனிதரை அவருடைய ஒரே மகள் எட்டு மாதமாக எதற்கும் கூப்பிடவில்லை.

வர்ஷா அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தாள். விடுமுறைக்குத் தோழிகளோடு முட்டுக்காடு உப்பங்கழிக்குப் போனவள், படகு இழுக்க அதன் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் மேல் நின்று வந்தாள். அன்றோடு அவள் மனசு கரைக்குத் திரும்பவில்லை. இரண்டு வருடம் வாரம் தவறாமல் போய்க் கற்றுக்கொண்டு, பிறகு வேலையை விட்டுவிட்டு அங்கேயே பயிற்சியாளராகச் சேர்ந்தாள். அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஏகாம்பரம் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு தகப்பன் பயத்தில் சொன்னவை. மகளின் காதில் அவை கோபமாக மட்டுமே விழுந்தன. அதன் பிறகு இருவரும் மங்களத்தின் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். "உப்பு கம்மின்னு உங்க அப்பா சொல்றாரு" என்று, ஒரே அறைக்குள்.

அதனால்தான், ஒரு மாலை வர்ஷா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது, அவர் கையிலிருந்த செய்தித்தாளைத் தலைகீழாக மடித்தார்.

"நைனா, ஒரு எஞ்சின் பாக்கணும். வர்றியா?"

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். எந்த எஞ்சின், எங்கே என்று கேட்டதெல்லாம் பேருந்தில் ஏறிய பிறகுதான்.

விஷயம் இதுதான். வர்ஷாவும், அவளோடு பயிற்சி கொடுக்கும் பூந்தமல்லி அர்ஷத்தும் சேர்ந்து சொந்தமாக ஒரு பயிற்சி மையம் தொடங்க நினைத்தார்கள். அதற்குப் படகு வேண்டும். மூன்று விளையாட்டு சொல்லிக்கொடுப்பதாக இருந்தார்கள்; மூன்றுக்கும் மூன்று விதமான தண்ணீர் வேண்டும். ஸ்கீ பலகையில் வழுக்கிப் போகிறவருக்குப் படகு வேகமாகப் போக வேண்டும், பின்னால் அலையே எழும்பக் கூடாது. வேக்போர்டு என்ற அகலப் பலகையில் நின்று எகிறிக் குதிப்பவருக்கு நடுத்தரமான அலை. வேக்சர்ஃப் செய்கிறவருக்கோ படகு மெதுவாகப் போய், பின்னால் ஆள் உயரத்தில் பாதி அளவுக்கு அலையைக் கிளப்ப வேண்டும். அவர் கயிற்றை விட்டுவிட்டு அந்த அலையிலேயே நிற்பார். மூன்று படகு வாங்க வழியில்லை. மூன்றையும் ஓரளவுக்குச் செய்யும் ஒரே படகு பழையதாகக் கிடைத்தால் போதும். அடியில் தொட்டிகள் இருக்கும். தொட்டி காலியாக இருந்தால் ஸ்கீ. தண்ணீரை நிரப்பி எடை ஏற்றினால் சர்ஃப்.

அப்படி ஒன்று பூந்தமல்லிக்குப் பக்கத்து நூம்பலில் இருந்தது. அதன் கதை வேடிக்கையானது. அர்ஷத்தின் தாய்மாமா அப்துல் ஜப்பார் கல்யாண அலங்கார ஒப்பந்தக்காரர். எங்கோ மூடிவிட்ட ஒரு விடுதியின் சாமான்களை ஏலம் எடுத்தபோது கூடவே இந்தப் படகும் வந்தது. ஜப்பார் அதைத் தண்ணீருக்குக் கொண்டுபோகவே இல்லை. டிரெய்லரில் ஏற்றி, பக்கமெல்லாம் கீழ்வரை சீரியல் விளக்கு மாட்டி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விட்டார். ஏழு வருடமாக அந்தப் படகு மாப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிச் சாலையில் போய்க்கொண்டிருந்தது.

"அதுல ஏறுன மாப்ளைங்க எல்லாம் நல்லாதான் கீறாங்க அண்ணாத்தே. ஒருத்தரும் முளுகல" என்றார் ஜப்பார், கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டே.

இருக்கைகளின் இடுக்கில் காய்ந்த ரோஜா இதழ்களும் ஜிகினாவும் இருந்தன. ஆனால் வர்ஷாவின் முகம் மலர்ந்தது. தரையில் ஓடிய படகில் எஞ்சின் ஓடவே இல்லை. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் முள் முந்நூற்றுச் சொச்சத்தில் நின்றிருந்தது. அவள் இருக்கைகளைத் தூக்கி அடியில் ஈரமோ மக்கலோ இருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்தாள். தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளைத் தனித்தனியாக ஓடவிட்டாள். விளக்கு மாட்டப் போட்ட துளைகளைப் பார்த்ததும்தான் முகம் சுருங்கியது. ஜப்பார் அதெல்லாம் தண்ணீருக்கு மேலேதானே இருக்கிறது என்றார். தொட்டி நிரம்பினால் படகு ஒரு சாண் அமிழும், அப்போது அத்தனை துளையும் தண்ணீருக்குள் போய்விடும் என்று அவள் விளக்கினாள். ஒவ்வொன்றாக எண்ணி, சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

ஏகாம்பரம் இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்தார். தன் மகள் வேலை செய்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சர்ஃப் செய்கிறவர் படகிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பார் என்று கூட வந்திருந்த அர்ஷத்திடம் மெதுவாகக் கேட்டார். பத்தடி இருக்கும் என்றான் அவன். பெரியவரின் முகம் வெளுத்தது. வெள்ளைச் சட்டையோடு டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து நகர்ந்து போனார். ப்ரொப்பெல்லர் பின்விளிம்பில் இல்லை. உள்ளே தள்ளி, படகின் வயிற்றுக்கு அடியில் இருந்தது. டேப்பை நீட்டி அளந்தார். பின்விளிம்பிலிருந்து மூன்றடி மூன்று அங்குலம். மறுபடியும் அளந்தார். வெளியே வந்தபோது அவர் முதுகெல்லாம் கிரீஸ், முகத்தில் நிம்மதி.

"இந்தப் படகுன்னா சரி" என்றார் மகளிடம். எட்டு மாதத்தில் அவள் தொழிலைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அடுத்த ஞாயிறு எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது என்று பேசி வைத்தார்கள். கொட்டகைச் சாவியை ஜப்பார் ஏகாம்பரத்திடமே கொடுத்துவிட்டார்.

ஏகாம்பரத்தால் ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. மகள் வந்து சாவியைத் திருப்பும்போது ஒரே திருப்பில் எஞ்சின் பிடிக்க வேண்டும், அவள் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. புதன், வியாழன் இரண்டு நாளும் வீட்டில் சொல்லாமல் நூம்பலுக்குப் போனார். ஆயில் மாற்றினார், பிளக்குகளைச் சுத்தம் செய்தார், புது பேட்டரி வைத்தார். எஞ்சின் தலையிலிருந்த டப்பாவில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்திருந்தது, அதையும் நிரப்பினார். டாங்கி எஞ்சின் தனக்கு வேண்டிய தண்ணீரைத் தன்னோடு சுமந்துகொண்டு போகும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தார். முப்பத்துமூன்று வருடப் பழக்கம் அப்படி நினைக்க வைத்தது.

வெள்ளிக்கிழமை, படகிலேயே தொங்கிய சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. டாங்கியைச் சூடேற்றுகிற கணக்கில் மூன்று நிமிடம் ஓடவிட்டார். அப்போதுதான் ரப்பர் கருகும் வாசனை வந்தது.

படகு எஞ்சின் தண்ணீரைக் கீழே ஆற்றிலிருந்தோ கடலிலிருந்தோ உறிஞ்சி எடுக்கும் என்பதும், அந்தத் தண்ணீர்தான் கூலன்ட்டைக் குளிரவைக்கும் என்பதும், உறிஞ்சும் பம்புக்குள் ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரம் சுழல்கிறது என்பதும், தண்ணீர் இல்லாமல் அது நிமிடத்தில் எரிந்துபோகும் என்பதும் அவருக்கு அப்போது தெரியாது. பம்பைக் கழற்றிப் பார்த்ததும் தெரிந்தது. ஆறு இதழ் இருக்க வேண்டிய சக்கரத்தில் வெறும் நடுமுண்டு மிஞ்சியிருந்தது. நடுமுண்டோடு, கிடைத்த துண்டுகளையும் எண்ணிப் பொறுக்கிக் கைக்குட்டையில் வைத்தார். நான்கு.

சனிக்கிழமை காலை அந்தக் கைக்குட்டையோடு காசிமேட்டுக்குப் போனார். மீன்பிடிப் படகுச் சாமான் விற்கும் கடையில் வேம்புலி என்ற வயசாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, அதே அளவில் புதுச் சக்கரம் ஒன்றை எடுத்துப் போட்டார். எங்கே எரிந்தது என்று விசாரித்தார். தரையில் என்று கேட்டதும் சிரிக்கவில்லை. அதற்காகவே ஏகாம்பரம் அவரை மனதுக்குள் கும்பிட்டார். கைக்குட்டையைக் கட்டிக் கொடுக்கும்போது வேம்புலி கேட்டார்.

"நாலுதான கீது. மீதி ரெண்டு?"

"உள்ள எங்கனா போயிருக்கும்."

"குழாயில போயி அடைச்சிக்கும் நைனா. நல்லா ஓடுற மாரியே இருக்கும், திடீர்னு சூடாயி நின்னுடும். படகுல கீறவன் குந்திகினு இருப்பான். தண்ணில கீறவன் கதி இன்னா?"

தண்ணீரில் இருக்கப்போவது யார் என்று அந்த வயசாளிக்குத் தெரியாது.

ஏகாம்பரம் அன்று மதியம் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார். மங்களம் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. புதுச் சக்கரத்தை மாட்டப் பத்து நிமிடம் போதும். மாட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு துண்டு எந்தக் குழாயில் போய் உட்கார்ந்தது என்று அந்தப் படகைத் தெரிந்தவர்கள்தான் சொல்ல முடியும். அவளிடம் சொன்னால், எட்டு மாதம் கழித்து ஒரே ஒரு தடவை நம்பிக் கூப்பிட்ட மகள், இனி எதற்கும் கூப்பிட மாட்டாள். சொல்லாவிட்டால் அவள் தண்ணீரில் இருப்பாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஞாயிறு காலை நான்கு பேரும் கொட்டகையில் கூடினார்கள். வர்ஷா ஒரு டிரம் தண்ணீரும் ரப்பர்க் குழாயும் கொண்டுவந்திருந்தாள். ஏகாம்பரம் அந்தக் குழாயைப் பார்த்தபடி நின்றார். இதற்காகத்தான் ஞாயிறு என்று பேசி வைத்தார்களா என்று நினைத்துக்கொண்டார். பம்பு உறிஞ்சும் வாயில் அவள் குழாயை மாட்டிவிட்டு, "ஸ்டார்ட் பண்ணு நைனா" என்று படகில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினாள்.

ஏகாம்பரம் சாவியை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"வெள்ளிக்கெழமையே பண்ணிட்டேன்மா. தண்ணி இல்லாம. எனக்குத் தெரியல. ரெண்டு துண்டு உள்ள கீது."

வர்ஷா கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தாள். அவள் கண்கள் சிவந்தன. திரும்பி, கொட்டகையை விட்டு வெளியே போனாள். ஏகாம்பரம் அப்படியே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்துமூன்று வருடத்தில் ஒரு அதிகாரி முன்னால்கூடத் தாழாத தலை அன்று தாழ்ந்தது.

அவள் திரும்பி வந்தபோது ஒரு கையில் பக்கெட், ஒரு கையில் ஸ்பானர்.

"குழாய ஒண்ணொண்ணா கழட்டணும். நீ அந்தப் பக்கம் படு, நான் இந்தப் பக்கம்."

அவர் நம்பாமல் பார்த்தார். அவள் குனிந்துகொண்டே, ஜப்பாருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"சேந்த மொத மாசம் நானும் ஒண்ணு எரிச்சிகீறேன். யாருகிட்டயும் சொல்லல. நீ சொல்லிட்ட."

அப்பாவும் மகளும் எஞ்சினின் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு குழாய் குழாயாகக் கழற்றினார்கள். அர்ஷத் டார்ச் பிடித்தான். ஐந்தாவது துண்டு ஒரு வளைவிலேயே கிடைத்தது. ஆறாவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஜப்பார் இரண்டு தடவை டீ வரவழைத்தார்.

"நிக்காஹ் அன்னைக்கி மாப்ள மோதிரத்தத் தொலைச்சான். அத்தக்கூட இப்பிடித் தேடல" என்றார். "அண்ணாத்தே, ஏழு வருசமா இத்த ஊமைன்னு நெனச்சிகினு இருந்தேன். வாயத் தொறக்க வச்சிட்ட. அதுக்கே நான் உனக்கு பிரியாணி போடணும்."

கூலன்ட்டைக் குளிரவைக்கும் உருளையின் வாயில், சல்லடைபோல் இருந்த சின்னத் துளைகளின் மேல் ஆறாவது துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வர்ஷா அதை நகத்தால் நெம்பி எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் ஆறையும் நடுமுண்டைச் சுற்றி அடுக்கினார். ஒன்றும் குறையவில்லை. அதற்குப் பிறகுதான் புதுச் சக்கரத்தை மாட்டினார்கள். டிரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எஞ்சின் அரை மணி நேரம் சூடேறாமல் ஓடியது.

விளக்குத் துளைகளையெல்லாம் பசை ஊற்றி அடைத்து, இரண்டு வாரம் கழித்துப் படகை முட்டுக்காட்டில் தண்ணீரில் இறக்கினார்கள். தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் எடுத்துக்கொள்வதில்லை என்று வர்ஷா முதலிலேயே சொல்லியிருந்தாள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு படகில் ஏறிய ஏகாம்பரம் நேராக எஞ்சின் மூடியண்டை போய் உட்கார்ந்தார். வர்ஷா அவரை எழுப்பி, பின்பக்கம் பார்த்த இருக்கையில் உட்கார வைத்தாள். ஓட்டுகிறவன் முன்னால்தான் பார்ப்பான், பின்னால் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும் என்றாள்.

"நீ எஞ்சினப் பாக்காத. என்னியே பாரு. உளுந்தா அர்ஷத்துக்குச் சொல்லு. நான் கையத் தூக்கினா ஒண்ணும் ஆவலன்னு அர்த்தம்."

தொட்டி காலியாக இருந்தபோது ஸ்கீயில் போனாள். தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. பிறகு தொட்டிகளை நிரப்பினார்கள். படகு கனத்து அமிழ்ந்தது; அடைத்த துளைகளில் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. பின்னால் அலை திரண்டு எழுந்தது. பத்தடி தூரத்தில், அந்த அலையின் முகத்தில் நின்றபடி அவள் கயிற்றை விட்டாள். எதையும் பிடிக்காமல் நின்றாள். ஏகாம்பரத்துக்கு நீச்சல் தெரியாது. அவர் இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றியிருந்தார், கண் இமைக்கவில்லை.

விழுந்தாள். அலை அவளை மூடியது.

"உளுந்துட்டா" என்றார். அர்ஷத் வேகத்தைக் குறைத்துப் படகைத் திருப்பினான். நுரைக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது. ஏகாம்பரமும் தன்னையறியாமல் கையை உயர்த்தினார். அவள் கையை இறக்கிய பிறகும் அவர் இறக்கவில்லை.

வர்ஷா நீந்தி வந்து படகின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"இன்னா நைனா, எஞ்சின் எப்பிடி? எடுத்துக்கலாமா?"

அவர் திருதிருவென்று விழித்தார். எஞ்சின் எப்படி ஓடியது என்று அவருக்குத் தெரியாது. சத்தமே காதில் விழவில்லை.

"நான் எங்க அத்தப் பாத்தேன். உன்னியதான பாத்துகினு கீறேன்."

வர்ஷா பலகையில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு கரையில் நின்ற ஜப்பாரைப் பார்த்து, படகை எடுத்துக்கொள்கிறோம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு, தினமும் பின்னிருக்கைக்கு ஆள் வேண்டும், ஐந்துக்கே கிளம்ப வேண்டியிருக்கும் என்று அப்பாவிடம் சொன்னாள்.

ஏகாம்பரம் தலையாட்டினார். அவள் மறுபடியும் தண்ணீருக்குள் சறுக்கினாள். அவர் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு, பின்பக்கம் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.