ஐந்தாவது சுற்று

காலை ஆறு மணி பத்து நிமிடம். காரின் பானட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தத் திருகாணி. முந்தின மாலை நட்டுக்கு மேலே விரல் நகத்தளவு நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது நட்டின் மட்டத்துக்கு இறங்கியிருந்தது.

பேய், பிசாசு எதையும் நம்புகிறவனில்லை நான். திருவனந்தபுரத்தில் ஒரு பத்திரிகையில் பிழை பார்க்கிறேன். அடுத்தவர் எழுதிய எண்களைச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். ஆகவே நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டால் வருத்தமில்லை.

என்னுடையது பழைய டர்போ கார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், டர்போ தள்ளிய மிச்சக் காற்றை உஸ்ஸென்று வெளியே விடும் டம்ப் வால்வு அதில் உண்டு. அதன் ஸ்பிரிங் தளர்ந்துபோய், சிக்னலில் நின்றாலே எஞ்சின் அணைந்தது. என் மனைவி ஜெயாவுக்கோ நிறைமாதம். எந்த நேரமும் கழக்கூட்டம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஞாயிறு மாலை மெக்கானிக் ஸ்டீபன் வீட்டுக்கே வந்தார். சாலை பஜாருக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வால்வைக் கழற்றிக் கழுவி, மெலிதாகக் கிரீஸ் தடவி மாட்டினார். ஸ்பிரிங்கை அழுத்தும் திருகாணியை முழுக்கத் தளர்த்திவிட்டு மூன்று சுற்று இறுக்கி, நட்டைப் பூட்டினார். இரண்டுக்கும் குறுக்கே ஜெயாவின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தார். திருகாணி அசைந்தால் கோடு உடையும். ஓட்டிப் பார்த்தோம். பழவங்காடியில் ஒரு முறை அணைந்தது.

"நாளைக்கு செரியாயிரும் சாரே" என்றார்.

திங்கள் காலை ஆறு மணிக்கு வலி தொடங்கியது. வாடகைக் கார் வர நாற்பது நிமிடம் என்றது போன். அந்த நகப்பூச்சுக் கோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் பானட்டைத் திறந்தேன். திருகாணி இறங்கியிருந்தது, ஆனால் கோடு உடையவில்லை. படம் எடுத்துக்கொண்டு ஸ்டீபனை அழைத்தேன்.

"யாராவது கை வச்சிருப்பாங்க."

"கோடு அப்படியே இருக்கு ஸ்டீபன்."

"அப்போ எறங்க வழியில்லையே. தளர்த்தி எண்ணிப் பாருங்க."

தளர்த்தினேன். ஐந்து சுற்று வந்தது.

"அவ்வளவு இறுக்கினா வால்வு தொறக்காது சாரே, டர்போ போயிரும். மூணே வையுங்க."

காருக்குள்ளிருந்து ஜெயா சொன்னாள்: "நீங்க எண்ணி முடிக்கதுக்குள்ள பிள்ளை ஸ்கூலுக்கே போயிரும்."

மறுபடி இறுக்கும்போது மூன்றாவது சுற்றில் கை நின்றது. டர்போ போனால் வேறு வாங்கலாம். நெடுஞ்சாலை நெரிசலில் நேற்றுப் போலக் கார் நின்றுபோனால் என்ன செய்வது என்று யோசித்தேன். நான்கு, ஐந்து என்று வாய்விட்டு எண்ணி இறுக்கினேன். ஜெயாவும் கூடவே எண்ணினாள்.

வழி நெடுக, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபோதெல்லாம் வால்வு உஸ்ஸென்று திறந்தது. ஒரு சிக்னலிலும் எஞ்சின் அணையவில்லை. எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சிரமம் என்று டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே மலையாளத்தில் சொன்னார்.

எஞ்சின் சூட்டில் திருகாணி இறங்கியிருக்கலாம், பதற்றத்தில் நான் தப்பாக எண்ணியிருக்கலாம் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். உடையாத கோட்டின் படம் போனில் இருக்கிறது. எண்ணியதும் நான் ஒருவன் மட்டுமில்லை.

அடுத்த மாதம் புது வால்வு மாட்டினோம். பழையதை ஸ்டீபன் வைஸ் இடுக்கியில் பிடித்துப் பிரித்தார். திருகாணியை முழுக்கத் தளர்த்தி, மூன்று முறை இறக்கிப் பார்த்தோம். மூன்று முறையும் நான்காவது சுற்றில் அடியில் முட்டி நின்றது.